சிக்னல் இல்லாத மலையில் பணம் மிஞ்சியது எப்படி? பொய் சிக்னலை வடிகட்டும் மொமென்ட்டம் கணக்கு

குரங்கணியைத் தாண்டி இரண்டு வளைவு ஏறினால் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். எங்கள் குடும்பத்துக்கு அதற்கு மேலே கொஞ்சம் ஏலத் தோட்டம் இருக்கிறது. காய் எடுப்பு நடக்கும் நாட்களில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல அங்கேயே தங்கிவிடுவேன். பச்சைக் காயை எடை போட்டு, ஸ்டோரில் உலர வைத்து, மூட்டை கட்டி போடிக்கு இறக்கும் வரை போன் வெறும் கடிகாரம்தான்.

மற்ற நாட்களில் போடியில் இருப்பேன். அங்கே போன் கடிகாரம் இல்லை, டிரேடிங் திரை. ஷேர் சார்ட்டைப் பார்த்து வாங்குவதும் விற்பதும் சில வருடமாக உள்ள பழக்கம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். போன மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அந்த நோட்டைப் புரட்டினேன். வருடம் நட்டத்தில் முடிந்திருந்தது. அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் வேறு இடத்தில் இருந்தது. நட்டம் முழுக்க நான் போடியில் உட்கார்ந்திருந்த வாரங்களில் வந்தது. மலையில் சிக்னல் கிடைக்காமல் கிடந்த வாரங்களில் கையில் இருந்தது கையிலேயே இருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உட்கார்ந்து, நான் மலையில் இருந்த நாட்களின் சார்ட்டைத் திறந்து, 'போடியில் இருந்திருந்தால் எங்கெல்லாம் வாங்கியிருப்பேன்?' என்று பென்சிலால் குறித்துப் பார்த்தேன். அந்த இடங்களில் பாதிக்கு மேல் பொய் சிக்னல். வாங்கச் சொல்லிவிட்டு இரண்டே நாளில் காலை வாரிவிடும் ரகம். மலை எனக்கு ஒரு சல்லடை மாதிரி வேலை செய்திருக்கிறது. ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு சலித்த சல்லடை. நல்ல சிக்னல், கெட்ட சிக்னல் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிட்டது. பொய்யை மட்டும் தள்ளும் சல்லடை கிடைக்குமா என்று தேடியதில்தான் மொமென்ட்டம் இண்டிகேட்டர் பக்கம் வந்தேன்.

பொய் சிக்னல் என்பது எது?

சார்ட் பார்க்கிறவர்கள் முதலில் படிக்கும் பாடம் மூவிங் ஆவரேஜ். கடந்த 20 நாள் முடிவு விலைகளைக் கூட்டி 20-ஆல் வகுத்தால் ஒரு எண் வரும். தினமும் இப்படிக் கணக்குப் போட்டுக் கோடு இழுத்தால் அதுதான் 20 நாள் ஆவரேஜ். விலை அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே கடந்தால் வாங்கு, மேலிருந்து கீழே இறங்கினால் விற்றுவிடு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் விதி.

விலை ஒரே திசையில் ஓடும் காலத்தில் இந்த விதி நன்றாகவே வேலை செய்யும். சிக்கல், விலை எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது. ஒரு ஷேர் 480-க்கும் 500-க்கும் நடுவில் மாதக்கணக்கில் ஊசலாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவரேஜ் கோடு 490 பக்கத்தில் படுத்திருக்கும். இன்றைக்கு 493-ல் முடிந்தது, வாங்கினோம். இரண்டு நாள் கழித்து 487, விற்றோம். ஷேருக்கு 6 ரூபாய் போச்சு, போதாததற்குத் தரகும் வரியும். அடுத்த வாரம் மறுபடி 494. மறுபடி வாங்கினோம். மறுபடி 486.

டிரேடர்கள் இதை 'விப்-சா' என்பார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் நீள ரம்பத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். போகும்போதும் அறுபடும், வரும்போதும் அறுபடும். ஒவ்வொரு வெட்டும் சின்னதாக இருப்பதால் வலி தெரியாது. வருடக் கடைசியில் மரமே இரண்டாகக் கிடக்கும்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பின் மூக்கு, வந்த திசையையே திரும்பிப் பார்க்கும். மூக்கை மட்டும் பார்க்கிற ஒருவர் '17 தடவை திரும்பிப் போய்விட்டது' என்று சத்தியம் செய்வார். ஜீப் என்னவோ மேலே போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஜீப் உண்மையிலேயே திணறுகிறதா என்று தெரிய வேண்டுமானால் எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும். விலைச் சார்ட்டில் அந்த எஞ்சின் சத்தம்தான் மொமென்ட்டம்.

செபி சொன்ன கணக்கு

இது என் ஒருவன் கதையாக இருந்தால் எழுதவே வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நட்டப்பட்டிருந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. நேரடி ஷேர் சந்தையில் அன்றன்றைக்கே வாங்கி விற்றவர்களைப் பற்றி அதே ஆண்டு ஜூலையில் வந்த ஆய்வும் சுகமில்லை. 2022-23 நிதியாண்டில் 10 பேரில் 7 பேருக்கு நட்டம்.

செப்டம்பர் ஆய்வில் எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்கள் நின்று படிக்க வேண்டிய இரண்டு வரிகள் உண்டு. இந்த வியாபாரம் செய்தவர்களில் 72 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் நாட்டின் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். 75 சதவிகிதத்துக்கும் மேலானவர்கள் வருட வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்று காட்டியவர்கள். அதாவது மும்பைக் கோட் சூட்டுக்காரர் அல்ல. போடி, தேவாரம், கம்பம், சின்னமனூரில் கடை வைத்திருப்பவர், வாத்தியார் வேலை பார்ப்பவர், தோட்டம் வைத்திருப்பவர்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் தனிநபர்கள் தரகு, கட்டணம் போன்ற செலவுகளுக்கு மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் கட்ட வேண்டிய பணம் அது. பொய் சிக்னலை வடிகட்டுவது என்ற பேச்சு ஏதோ புத்திசாலித்தனமான தந்திரம் மாதிரி காதில் விழும். முதல் பலன் சாதாரணமானது. பத்து தடவை கட்ட வேண்டிய கட்டணத்தை ஐந்து தடவை கட்டுகிறோம்.

ஒரு எஞ்சினீயர் போட்ட கணக்கு

மொமென்ட்டம் இண்டிகேட்டர்களில் பேர் போனது ஆர்.எஸ்.ஐ. அமெரிக்கரான ஜே. வெல்லஸ் வைல்டர் 1978-ல் ஒரு புத்தகம் போட்டார். படிப்பால் மெக்கானிக்கல் எஞ்சினீயர். இன்றைக்கு எல்லாப் போனிலும் இருக்கும் ஆர்.எஸ்.ஐ., ஏ.டி.எக்ஸ்., ஏ.டி.ஆர். மூன்றும் அந்த ஒரே புத்தகத்தில் வந்தவை. அவர் அதை எழுதியது முக்கியமாகச் சரக்குச் சந்தையை மனதில் வைத்து. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், காய் யாவாரிகளுக்காக.

பெயர்தான் பயமுறுத்தும், கணக்கு எளிது. கடந்த 14 நாளில் விலை ஏறிய நாட்களின் ஏற்றத்தை எல்லாம் கூட்டுங்கள். இறங்கிய நாட்களின் இறக்கத்தைத் தனியாகக் கூட்டுங்கள். மொத்த நகர்வில் ஏற்றத்தின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு? அதுதான் ஆர்.எஸ்.ஐ. ஏற்றமும் இறக்கமும் சமமாக இருந்தால் 50. இறக்கமே இல்லாவிட்டால் 100. ஏற்றமே இல்லாவிட்டால் பூஜ்யம். (வைல்டர் இதில் பழைய சராசரியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும் ஒரு முறையைச் சேர்த்திருக்கிறார். அதனால் போன் காட்டும் எண் நம் கைக்கணக்கிலிருந்து சற்று மாறும். கருத்து ஒன்றுதான்.)

மேலே சொன்ன 493 ரூபாய் உதாரணத்துக்கு வருவோம். விலை ஆவரேஜைக் கடந்துவிட்டது, வாங்கச் சொல்கிறது. கடந்த 14 நாளில் ஏற்றங்களின் கூட்டல் 38 ரூபாய், இறக்கங்களின் கூட்டல் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்த நகர்வு 78. அதில் ஏற்றத்தின் பங்கு 38. ஆர்.எஸ்.ஐ. 48.7. கோட்டைக் கடந்தது உண்மை, ஆனால் பின்னால் தள்ளுகிற ஆள் இல்லை.

அதே 493, அதே 78 ரூபாய் நகர்வு, ஆனால் ஏற்றம் 47, இறக்கம் 31 என்றால்? ஆர்.எஸ்.ஐ. 60.3. இரண்டு தடவையும் ஆவரேஜ் சொன்ன வார்த்தை ஒன்றேதான். ஆர்.எஸ்.ஐ.தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆர்.எஸ்.ஐ. என்றாலே '70-க்கு மேல் போனால் விற்க வேண்டும், 30-க்குக் கீழே வந்தால் வாங்க வேண்டும்' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். விலை ஓரிடத்தில் ஆடும்போது அது ஓரளவுக்குச் சரி. ஆனால் ஒரு பெரிய ஏற்றம் தொடங்கிவிட்டால் இறக்க நாட்களே குறைந்துபோகும். இறக்கத்தின் கூட்டல் சுருங்கச் சுருங்க எண் 70-க்கு மேலே ஏறி வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிடும். 70 வந்ததும் விற்றவர், மிச்ச ஏற்றத்தை ரோட்டோரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்.

வடிகட்டிக்கு 70-ம் 30-ம் வேண்டாம். நடுக்கோடான 50 போதும். விலை ஆவரேஜைக் கடக்கும்போது ஆர்.எஸ்.ஐ. 50-க்கு மேலே இருந்தால் மட்டும் அந்தச் சிக்னலை ஏற்றுக்கொள்வது. நான் கொஞ்சம் இடைவெளி விட்டு 55 என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே என்றால் நோட்டில் எழுதிவிட்டுப் போனைப் பையில் போட்டுவிடுவேன்.

வடிகட்டிக்கும் கூலி உண்டு

யூடியூப்பில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். சல்லடையில் கல் மட்டுமா போகும், நொய்யும் சேர்ந்துதான் போகும். வெறும் கணக்குக்காக ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இது யாருடைய நிஜ லாபமும் அல்ல.

ஒரு வருடத்தில் 20 சிக்னல் வருகிறது. வடிகட்டாமல் எல்லாவற்றையும் எடுக்கிறோம். 7 சரி, ஒவ்வொன்றிலும் 3,000 ரூபாய் வீதம் 21,000 லாபம். 13 பொய், 1,500 வீதம் 19,500 நட்டம். வியாபாரத்துக்கு 100 ரூபாய் செலவு என்றால் 2,000. முடிவில் 500 ரூபாய் கைநட்டம். 20-ல் 7 சரியாக வந்தும் வெறுங்கை.

இப்போது வடிகட்டி போடுகிறோம். சிக்னல் 11 ஆகக் குறைகிறது. சரியானவற்றில் இரண்டும் அடிபட்டுப் போய் 5 மிஞ்சுகிறது. ஆர்.எஸ்.ஐ. 55-ஐத் தொடும் வரை காத்திருந்ததால் சற்று மேலே வாங்குகிறோம், அதனால் ஒவ்வொன்றிலும் 2,600 தான் கிடைக்கிறது. மொத்தம் 13,000. பொய் 6, நட்டம் 9,000. செலவு 1,100. கையில் நிற்பது 2,900.

லாபக் கணக்கு 21,000-லிருந்து 13,000-க்குக் குறைந்திருக்கிறது. ஆனாலும் முடிவு மேல். பாதிப் பொய்யைத் தவிர்த்ததும் செலவு குறைந்ததும்தான் காரணம். இதில் உள்ள எண்களைக் கொஞ்சம் மாற்றினால், சரியான சிக்னல் இன்னும் இரண்டு அடிபட்டால், வடிகட்டியே நட்டத்தில் தள்ளும். அதனால்தான் யாரோ சொன்ன 55-ஐயோ, நான் சொல்கிற 55-ஐயோ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் பார்க்கும் ஷேரில், நீங்கள் பார்க்கும் கால அளவில், பழைய சார்ட்டை வைத்துப் பணம் போடாமல் ஒரு 30 சிக்னலாவது எழுதிப் பார்க்க வேண்டும். எழுதும்போது சார்ட்டின் வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டால் எல்லோருமே வைல்டர்தான்.

இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். ஆர்.எஸ்.ஐ. நன்றாக இருக்கிறதே என்று அதோடு எம்.ஏ.சி.டி., ஸ்டாக்காஸ்டிக் இரண்டையும் சேர்த்து, 'மூன்றும் ஒத்துப்போனால்தான் வாங்குவேன்' என்று கொஞ்ச நாள் இருந்தேன். மூன்றுமே அதே விலையிலிருந்து பிறந்தவை. ஒரே வீட்டு ஆட்கள் மூன்று பேர் வந்து சாட்சி சொன்ன மாதிரி. மூவரும் தலையாட்டுவதற்குள் ஏற்றத்தில் பாதி முடிந்திருக்கும். வேறு சாட்சி வேண்டுமென்றால் வேறு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். எத்தனை ஷேர் கைமாறியது என்ற வால்யூம் அப்படி ஒன்று. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சார்ட் புத்தகம் அல்ல, எங்கள் அப்பா.

அப்பா கேட்கும் இரண்டு கேள்வி

எங்கள் ஊரில் ஏலத்தை ஏலம் விடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன. யாவாரிகள் சாம்பிள் காயைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் விலை கேட்பார்கள். ஏலம் முடிந்ததும் வாரியம் வெளியிடும் பட்டியலில் எத்தனை லாட், எவ்வளவு கிலோ வந்தது, எவ்வளவு விற்றது, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று எல்லாம் இருக்கும். டீக்கடைக்கு வந்து சேருவது உச்ச விலை மட்டும்தான்.

2018 ஆகஸ்டில் இடுக்கியில் பெருவெள்ளமும் மண்சரிவும் வந்து ஏலச் செடிகளை அடித்துப்போட்டது. அடுத்த வருடம் மழை சரியாகத் தொடங்கவில்லை. காய் வரத்து சுருங்க, விலை ஏறியது. 2019 ஆகஸ்ட் 3-ம் தேதி புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் என்று ஒரு விலை விழுந்தது. அதுவரை யாரும் காதில் கேட்டிராத விலை. அன்று சாயங்காலம் போடி முழுக்க அந்த ஒரே பேச்சு. வீட்டில் இரண்டு மூட்டை உலர்ந்த காய் இருந்தது. அப்பா அதை இறக்கவில்லை. '8,000 போகும்' என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

அந்த 7,000 உச்ச விலை. நல்ல பருமனும் பச்சையும் உள்ள காய்க்கு ஏல அறையில் விழுந்த அதிகபட்ச எண். அன்றைய சராசரி அதைவிட வெகு கீழே இருந்தது. எங்கள் காய் உச்ச விலைக் காயும் அல்ல. பிறகு விலை இறங்கத் தொடங்கியது. நாங்கள் காத்திருந்தோம். ஏலக்காயை எவ்வளவு நாள்தான் கட்டி வைப்பது? நாளாக நாளாகப் பச்சை வெளுக்கும், வெளுத்தால் விலை இன்னும் இறங்கும். அப்பா மனதில் வைத்திருந்த எண்ணில் பாதிக்கும் கீழேதான் அந்த இரண்டு மூட்டையும் கடைசியில் போனது. அக்காவின் வளைகாப்புக்கு என்று வைத்திருந்த காய் அது. 2022-ல் சராசரி விலையே 1,000 ரூபாய்க்குக் கீழே கிடந்தது தனிக்கதை.

அதிலிருந்து அப்பாவிடம் யாராவது காய் விலை சொன்னால் இரண்டே கேள்விதான்.

"உச்சத்த விடுய்யா. சராசரி எம்புட்டு? வரத்து எம்புட்டு, வித்தது எம்புட்டு?"

சராசரி ஏறுகிறதா என்பது முதல் கேள்வி. வந்த காய் எல்லாம் விற்றதா, அல்லது பாதி திரும்பிப் போனதா என்பது இரண்டாவது. சராசரி ஏறி, வந்ததும் விற்றுத் தீர்ந்தால் அந்த ஏற்றத்துக்குப் பின்னால் வாங்குகிற ஆள் இருக்கிறான். உச்சம் மட்டும் ஏறி, காய் தேங்கினால் அது ஒரே ஒரு லாட்டின் கதை. ஆர்.எஸ்.ஐ. என்ற வார்த்தையே தெரியாத ஒருவர் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார். என் கையில் இருந்த வடிகட்டியைவிட ஒரு சாட்சி அதிகம்.

ஏலக்காய் விலைக்கே ஆர்.எஸ்.ஐ. போட்டுப் பார்க்கலாமே என்று நினைத்து நானும் சில வாரம் சராசரி விலைகளை எழுதிக் கணக்குப் போட்டேன். ஓரளவுக்கு மேல் நகரவில்லை. ஒரு நாள் நல்ல ரகக் காய் அதிகம் வந்தால் சராசரி ஏறும், மறுநாள் சன்னக் காய் வந்தால் இறங்கும். விலை மாறியதா, வந்த காய் மாறியதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ரமலான், தீபாவளிக் கொள்முதலும் தெரியாது. குவாத்தமாலாவில் மகசூல் போனால் வளைகுடா யாவாரிகள் நம் பக்கம் திரும்புவார்கள், அதுவும் தெரியாது. 2025 ஜூலையில் எம்.சி.எக்ஸ். சந்தையில் ஏலக்காய் ஃப்யூச்சர்ஸ் மறுபடி வந்தபோது போடி இளவட்டங்கள் சிலர் அதில் இண்டிகேட்டர் போடக் கிளம்பினார்கள். கைமாறும் அளவு குறைவாக உள்ள எந்த ஒப்பந்தத்திலும் ஒரே பெரிய ஆர்டர் கோட்டை வளைத்துவிடும் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொன்னது. வாங்குபவரும் விற்பவரும் நாள் முழுக்க நிறைந்திருக்கும் பெரிய ஷேர்களில்தான் ஆர்.எஸ்.ஐ. கொஞ்சம் நிதானமாகப் பேசும்.

மேலே எறிந்த கல்

வாங்கும்போது வடிகட்டுவதைப் போலவே, கையில் இருப்பதை எப்போது விடுவது என்பதற்கும் மொமென்ட்டம் ஒரு குறிப்பு தரும். கல்லை மேலே எறிந்தால் அது கீழே திரும்புவதற்கு முன்பே வேகம் குறைந்துவிடும். உயரம் கூடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் வேகம் செத்திருக்கும். விலை ஒரு உச்சத்தைத் தொட்டு, இறங்கி, மறுபடி ஏறி அதைவிட உயரமான உச்சத்தைத் தொடுகிறது. ஆனால் ஆர்.எஸ்.ஐ. முதல் உச்சத்தில் 74, இரண்டாவதில் 63. இதற்கு டைவர்ஜென்ஸ் என்று பெயர். புது உச்சத்தைப் பார்த்துப் புதிதாக வாங்கத் துடிக்கும் கையை இது பிடித்து நிறுத்தும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'விழப்போகிறது' என்று எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டுவது வேறு வேலை. டைவர்ஜென்ஸ் மூன்று தடவை காட்டிவிட்டு நாலாவது தடவையும் விலை ஏறுவது சகஜம். ஓடுகிற ஜீப் வேகம் குறைத்தால் நிற்கப் போகிறது என்றும் இருக்கலாம், வளைவு வருகிறது என்றும் இருக்கலாம். எனக்கு இது புதிதாக வாங்காமல் இருக்கவும் ஸ்டாப் லாஸைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைக்கவும் மட்டும் உதவுகிறது.

ஸ்டாப் லாஸ் பற்றி இன்னொன்று. வடிகட்டி வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் அதை எடுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்.எஸ்.ஐ. 62 காட்டிய மறுநாள் காலை ஒரு கெட்ட செய்தி வந்து விலை 8 சதவிகிதம் கீழே திறந்தால், எந்த இண்டிகேட்டரும் அதை முந்தின நாள் சொல்லியிருக்க முடியாது. கடந்த 14 நாளைத்தான் அது படிக்கிறது. வீட்டுச் செலவுக்கான பணத்தை, நகையை வைத்து எடுத்த பணத்தை இதற்குள் கொண்டுவரும் யாருக்கும் 50, 55 என்ற கோடுகள் உதவாது.

சந்தை ஆடிக்கொண்டிருக்கிறதா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வைல்டரின் ஏ.டி.எக்ஸ்.ஸையும் சிலர் பார்ப்பார்கள். 25-க்கு மேலே இருந்தால் ஓட்டம் என்பது வழக்கம். நான் அதற்குப் பதிலாக வார சார்ட்டில் ஆர்.எஸ்.ஐ. 50-க்கு மேலே இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். இருந்தால் மட்டும் அந்த வாரம் தினசரி சிக்னலைக் கவனிப்பேன். வீட்டில் இருப்பவர்களும் என் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. அது வேறு லாபம்.

போன செவ்வாய்க்கிழமை நான் மாதக்கணக்கில் பார்த்துவரும் ஒரு ஷேர் 20 நாள் ஆவரேஜைக் கடந்தது. ஆர்.எஸ்.ஐ. 51. வடிகட்டிக்குக் கீழே. நோட்டில் எழுதிவிட்டு வாங்காமல் விட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அது 6 சதவிகிதம் ஏறிவிட்டது, நான் இல்லாமலே. தேதிக்கு எதிரே 'நல்லது, தவறியது' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் இதுவரை அப்படி மூன்று, 'பொய், தப்பித்தது' என்று ஏழு.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்த மூணையும் அடிச்சிட்டு எழுதிராத. அதுவும் இருக்கட்டும்" என்றார். பிறகு சாக்கு எத்தனை இருக்கிறது என்று கேட்டார். அடுத்த எடுப்புக்கு நாளைக் காலை ஜீப் ஐந்து மணிக்கு.